அங்கவடிக்கு ஒரு கால்

முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த ஒரு சாண் காலில்
ஊதா பென்சிலால் எலும்புகளைக் குறித்தேன்,
எங்கே பாரம் தாங்கும், எங்கே தாங்காது என்று.
ஈரத்தில் அந்த ஊதா பிளாஸ்டருக்குள் ஏறிவிடும்.
காய்ந்ததும் கழற்றினால்
வலிக்கும் இடங்களின் வரைபடம்
அவரைவிட்டு என் மேசைக்கு வந்துவிடும்.

ஜாம்பல். ஐம்பத்தொரு வயது.
அர்வாய்ஹேரிலிருந்து அரைநாள் தள்ளிக் கூடாரம்.
புல்லெல்லாம் பனிப்பாளத்துக்கு அடியில் போன ஆண்டு
இருநூறு ஆடுகளைத் தேடிப் போய்
பதினேழோடும் கறுத்த ஒரு பாதத்தோடும் திரும்பியவர் என்று
மருத்துவமனைச் சீட்டில் யாரோ எழுதியிருந்தார்கள்.
வாசித்துக் காட்டினேன்.
ஆட்டுக் கணக்கை மட்டும் திருத்தினார்:
பதினெட்டு.

தகடு அடுப்பில் வெந்து
கண்ணாடியாய்த் தெளிந்து தொய்யும் நொடியில் எடுக்க வேண்டும்.
எடுத்தேன். இழுத்துப் போர்த்தினேன்.
விளிம்பு தேய்த்து, குழாய் பொருத்தி, பாதம் பூட்டி
இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினேன்.
நடந்தார்.
விந்தல் இல்லை, இடுப்பு சாயவில்லை.
பாடப்புத்தகத்தில் போடலாம் அந்த நடையை.

'நடக்கிறது' என்றார்,
பால் திரிந்துவிட்டது என்று சொல்வதுபோல.

அடுத்த முறை பேருந்தில் சேணத்தோடு வந்தார்.
பிளாஸ்டர் காயவைக்கும் மரத்தாங்கியின்மேல் அதைப் போட்டு
ஏறி உட்கார்ந்து, அங்கவடியில் எழுந்து நின்று காட்டினார்.
எங்கள் ஆட்கள் குதிரையில் உட்கார்வதே குறைவு;
முழங்கால் மடங்கி, பாதம் உள்ளே சாய்ந்து
மணிக்கணக்கில் நிற்பார்கள்.
நகரத்தில் வளர்ந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது.
ஆலன் சாவியைக் கால் திருகு, கால் திருகாகத் திருப்பினேன்.
நான் நேராக்கிய ஒவ்வொன்றையும்
நானே கோணலாக்கினேன்.
தரையில் நின்றால் கோணல், ஏறினால் நேர்.

'இன்னொன்று' என்றார்.
'விழுந்தால் இது கழன்றுவிட வேண்டும்.'

நான்கு வருடப் படிப்பு எனக்கு.
வார், உறிஞ்சு வால்வு, பூட்டு ஊசி,
எல்லாமே பிடித்து வைக்கும் வித்தை.
ஒரு விரற்கடை நழுவினாலும் மதிப்பெண் போகும்.
விடச் சொல்லித் தந்தவர் யாருமில்லை.

'என் சித்தப்பா மகன்' என்றார்,
'இரண்டு காலும் இருந்தவன்.
அங்கவடியில் மாட்டியது. குதிரை மிரண்டது.
ஆற்றங்கல் வரை இழுத்துப் போனது.'
பிறகு தொப்பியின் உட்புறத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தைக் கறிக்கடையில் வில்தராசு இரவல் வாங்கி
உத்தரத்தில் மாட்டி, காலைத் தொங்கவிட்டு இழுத்தோம்.
முதல் வார் நாற்பது கிலோவிலும் விடவில்லை.
இரண்டாவது ஒன்பதிலேயே விட்டது;
சேற்றில் இறங்கினால் சேறே கழற்றிக்கொள்ளும்.
மூன்றாவது, தோல்நாக்கு மடித்த ஒட்டுப்பட்டை,
இருபத்தாறில் 'பட்'டென்று விட்டுக்கொடுத்தது.
கிடாய்க்கு விலை படிந்தவர்போலத் தலையசைத்தார்.
கறிக்கடைக்காரன் தராசைத் திரும்பக் கேட்டு
இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டான்.

அக்டோபரில் அவர் மனைவி ஹொர்லோவிடமிருந்து அழைப்பு.
'குதிரை வந்துவிட்டது' என்றாள்.
'அங்கவடியில் கால் தொங்குகிறது.
ஆள் இல்லை.'

தொலைபேசியைக் கீழே வைக்காமல்
ஐம்பது நிமிடம்.
அடுப்பில் ஒரு தகடு தெளிந்து, வழிந்து, கருகியது.
எடுக்கவில்லை.
இருபத்தாறு போதுமா, இருபது வைத்திருக்கலாமோ.
மறுமுனையில் நாய், காற்று, தகரக் கதவு,
அவள் யாரிடமோ பைனாகுலரைக் கேட்பது.

கடைசியில் ஒரு மோட்டார்சைக்கிளின் இருமல்.
பின்னிருக்கையிலிருந்தே கத்தினாராம்.
அவள் வார்த்தை மாற்றாமல் எனக்குச் சொன்னாள்:
'அந்தப் பெண்ணிடம் சொல்,
கழன்றுவிட்டது!'

பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
'பழுது' என்று ஒன்று இருக்கிறது.
'கழன்றது' என்று அதில் எழுதி, தேதி போட்டு,
விலா எலும்பு இரண்டு முறிவு,
வார் புதிது அனுப்ப வேண்டும், அதே நீளம்
என்று ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.